டவுன் சிண்ட்ரோமும் அல்சைமரும்: முதுகுத் தண்டு நீரும் மூளைப் புரதங்களும் சொல்வது என்ன? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் கற்பிக்கிறேன். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் என் தம்பிக்கு டவுன் சிண்ட்ரோம். இந்த இரண்டும் தெரிந்தவர்கள் நெல்லிக்குப்பம், பண்ருட்டி, வில்லியனூர், பாகூர் என்று பல ஊர்களிலிருந்தும் என்னிடம் சந்தேகம் கேட்கிறார்கள். பெரும்பாலும் அம்மாக்கள், அவர்களுக்கு அடுத்தபடியாக அக்கா தங்கைகள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் முதுகுத் தண்டு நீரையும் மூளைப் புரதங்களையும் அல்சைமர் நோயாளிகளுடையவற்றோடு ஒப்பிடும் ஆய்வுகளைப் பற்றிக் கைபேசிக்கு வந்த செய்தியை அனுப்பிவிட்டு, "இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்பவர்கள் இப்போது அதிகம். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை இங்கே வைத்திருக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. சிகிச்சை பற்றிய முடிவு உங்கள் மருத்துவரிடம்தான் இருக்கிறது.

டவுன் சிண்ட்ரோம் இருந்தால் அல்சைமர் கட்டாயம் வருமா அக்கா?

இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மூளையில் அல்சைமரின் அடையாளங்கள், அதாவது அமிலாய்ட் என்ற புரதத்தின் படிவுகளும் டாவ் என்ற புரதத்தின் முடிச்சுகளும், 40 வயதுக்குள் ஏறத்தாழ எல்லோருக்கும் வந்துவிடுகின்றன. ஆனால் படிவு இருப்பதும் மறதி நோய் வெளியே தெரிவதும் ஒன்றல்ல. நோய் தெரியவருவது பெரும்பாலும் 50 வயதை ஒட்டி. சிலருக்கு 40களிலேயே தொடங்குகிறது. சிலர் 60ஐத் தாண்டியும் தெளிவாக இருக்கிறார்கள். நீண்ட நாள் வாழ்ந்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வரும் என்பதே இன்றைய மதிப்பீடு.

"அந்தக் காலத்தில் இப்படிக் கேள்விப்பட்டதே இல்லையே" என்பார்கள். அந்தக் காலத்தில் அவர்கள் அந்த வயது வரை இருக்கவில்லை. அமெரிக்கக் கணக்கின்படி 1983இல் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் ஆயுள் 25 வயதை ஒட்டியே இருந்தது. இன்று 60ஐ நெருங்கியிருக்கிறது. இதய அறுவை சிகிச்சையும் நல்ல கவனிப்பும் கொடுத்த ஆண்டுகள் அவை. அந்த ஆண்டுகளை நல்லபடியாக வாழவைக்கும் வழியைத் தேடுவதால்தான் இந்த ஒப்பீட்டு ஆய்வுகள் எனக்கு இவ்வளவு முக்கியமாகப் படுகின்றன.

ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதற்கும் மறதிக்கும் என்ன சம்பந்தம்?

டவுன் சிண்ட்ரோமில் 21ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று இருக்கிறது என்பதை 1959இல் பாரிஸில் ழெரோம் லெழேன், மார்த் கோத்தியே, ரேமோன் துர்பேன் ஆகியோர் வெளியிட்டார்கள். 1984இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கிளெனரும் கெய்ன் வாங்கும் அல்சைமர் நோயாளிகளின் மூளை இரத்தக் குழாய்களில் படிந்திருந்த ஒரு சிறிய புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். பிறகு டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் மூளையில் பார்த்தபோது அங்கேயும் அதே புரதம் இருந்தது. அதுதான் இன்று பீட்டா அமிலாய்ட் எனப்படுகிறது. அதைத் தரும் தாய்ப் புரதத்தின் பெயர் ஏபிபி. 1987இல் அந்த ஏபிபியின் மரபணு 21ஆவது குரோமோசோமில்தான் இருக்கிறது என்று தெரிந்தது. மூன்று பிரதிகள் இருந்தால் அமிலாய்ட் உற்பத்தி கருவிலிருந்தே கூடுதல்.

குரோமோசோமில் இருநூறுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் இருக்க, ஏபிபியை மட்டும் ஏன் குற்றம் சொல்ல வேண்டும்? இதற்கு இயற்கையே இரண்டு சான்றுகளைத் தந்திருக்கிறது. 1998இல் வெளியான மருத்துவக் குறிப்பு ஒன்றில், டவுன் சிண்ட்ரோம் உள்ள 78 வயதுப் பெண்மணி ஒருவர் வருகிறார். அவருக்கு 21ஆவது குரோமோசோமின் ஒரு பகுதி மட்டுமே மூன்றாக இருந்தது. ஏபிபி இருக்கும் பகுதி இரண்டாகவே இருந்தது. அவருக்கு அல்சைமர் வரவில்லை. இதற்கு நேர் எதிராக, 2006இல் பிரான்ஸில் சில குடும்பங்களில் ஏபிபி மரபணு மட்டும் இரட்டித்திருப்பதைக் கண்டார்கள். அவர்களுக்கு டவுன் சிண்ட்ரோம் இல்லை. ஆனால் இளவயதிலேயே அல்சைமர் வந்தது. இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வாதத்துக்கு இடம் குறைவு.

என் மகளுக்கு மொசைக் வகை என்று எழுதியிருக்கிறார்கள். அவளுக்கும் இதேதானா?

மொசைக் வகையில் சில செல்களில் மட்டும் மூன்று பிரதிகள் இருக்கும். மூளைச் செல்களில் எத்தனை பங்கு அப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்து அமிலாய்டும் கூடும் அல்லது குறையும். இரத்தத்தில் பார்த்த விகிதம் மூளையிலும் அதுவாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே அந்த அறிக்கையிலுள்ள சதவீதத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

முதுகுத் தண்டு நீர் என்றால் என்ன? மூளை நோயை முதுகில் ஏன் தேடுகிறார்கள்?

மூளைக்குள் இருக்கும் அறைகளில் ஒரு தெளிந்த நீர் ஊறி, மூளையைச் சுற்றி, முதுகுத் தண்டு வழியாக இடுப்பு வரை இறங்கிச் சுழல்கிறது. ஒரு பெரியவரிடம் எந்நேரமும் ஏறத்தாழ 150 மில்லி இருக்கும். ஒரு நாளில் ஊறுவது சுமார் 500 மில்லி. அதாவது நாளொன்றுக்கு மூன்று முறைக்கு மேல் புதிதாகிறது. மூளைச் செல்கள் வெளியே விடும் புரதங்கள் இதில் கலக்கின்றன. மூளையைத் தொடாமல், உயிரோடு இருக்கும் ஒருவரின் மூளையில் நடப்பதை அறிய இதைவிட நெருக்கமான வழி இல்லை.

இந்த நீரில் புரதம் மிகக் குறைவு: 100 மில்லியில் 15 முதல் 45 மில்லிகிராம். அதே அளவு இரத்த நீரில் 6 முதல் 8 கிராம் இருக்கும். அந்தக் குறைந்த அளவிலும் பெரும்பங்கு இரத்தத்திலிருந்து வந்த ஆல்புமின். மூளைக்கே உரிய புரதங்களை அதற்கு இடையில்தான் தேட வேண்டியிருக்கிறது. எடுக்கும் குழாயிலும் கவனம் வேண்டும். கண்ணாடியிலும் சில வகைப் பிளாஸ்டிக்கிலும் அமிலாய்ட் ஒட்டிக்கொள்ளும். பாலிப்ரொப்பிலீன் குழாயில் எடுத்து, பிரித்து, மைனஸ் 80 டிகிரியில் வைப்பார்கள். குழாய் மாறினால் அளவு மாறும். இரண்டு ஆய்வகங்களின் எண்களை அப்படியே ஒப்பிடக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதுகில் ஊசி போட்டால் கால் வராமல் போய்விடும் என்று என் மாமியார் சொல்கிறார். உண்மையா?

இந்தப் பயம் பல வீடுகளில் இருக்கிறது. பயப்படுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். முதுகுத் தண்டு என்னும் நரம்புத் தண்டு, இடுப்பின் முதல் அல்லது இரண்டாம் எலும்பு மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போவது அதற்கும் கீழே, மூன்றுக்கும் நான்குக்கும் அல்லது நான்குக்கும் ஐந்துக்கும் இடையில். அங்கே நீரில் மிதக்கும் நரம்பு இழைகள்தான் உள்ளன. ஊசி பட்டால் பெரும்பாலும் அவை விலகிக்கொள்ளும். சிசேரியனுக்கு மயக்க ஊசி போடுவதும் இதே பகுதியில்தான். உங்கள் மாமியாருக்குத் தெரிந்த எத்தனையோ தாய்மார்கள் அந்த ஊசிக்குப் பிறகு எழுந்து நடந்திருக்கிறார்கள்.

அடிக்கடி வரும் தொல்லை தலைவலி. படுத்தால் குறைந்து, எழுந்து உட்கார்ந்தால் கூடும் தலைவலி. சில நாட்களில் போய்விடும். மெல்லிய, முனை மழுங்கிய ஊசியைப் பயன்படுத்தினால் இன்னும் குறைவு. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் மூளைக்குள் அழுத்தம் கூடியிருப்பவர்களுக்கும் ஊசி போடுவதற்கு முன் தனியாக யோசிப்பார்கள்.

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர் என்றால் மருத்துவரிடம் நீங்களே முந்திக்கொண்டு சொல்ல வேண்டியவை மூன்று. கழுத்தின் முதல் இரண்டு எலும்புகள் தளர்ந்திருக்கலாம் என்பதால் அவர்களை வளைத்துப் படுக்க வைக்கும்போது கழுத்தில் கவனம் வேண்டும். தூக்கத்தில் மூச்சுத் தடைப்படும் பழக்கம் இருந்தால், அமைதிப்படுத்த மருந்து கொடுக்கும்போது அது ஆபத்தாகலாம். இதயத்தில் பழைய குறை அல்லது அறுவை சிகிச்சை இருந்தால் அதற்கான காகிதங்களை எடுத்துச் செல்லுங்கள்.

மூளையில் அமிலாய்ட் கூடுகிறது என்கிறீர்கள். ஆனால் அறிக்கையில் நீரில் குறைவு என்று வந்தால் நோய் என்கிறார்களே, தலைகீழாக இருக்கிறதே?

பெண்ணையாறு கடலில் சேரும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளம் கொண்டுவரும் வண்டல் வழியிலேயே படியத் தொடங்கிவிட்டால், முகத்துவாரத்தில் மொண்டு எடுக்கும் நீரில் வண்டல் குறைவாகத்தான் இருக்கும். அமிலாய்டில் 42 அமினோ அமிலம் கொண்ட வகைதான் எளிதில் ஒட்டிப் படிகிறது. அது மூளையில் தங்கிவிடுவதால் நீருக்கு வந்து சேருவது குறைகிறது. 40 அமினோ அமிலம் கொண்ட வகை அவ்வளவாகப் படிவதில்லை. எனவே 42ஐ 40ஆல் வகுத்த விகிதத்தைப் பார்க்கிறார்கள். விகிதம் சரிந்தால் படிவு தொடங்கிவிட்டது என்று பொருள்.

டவுன் சிண்ட்ரோமில் இந்த விகிதம் இன்னும் முக்கியம். உற்பத்தியே கூடுதலாக இருப்பதால் இளவயதில் 42, 40 இரண்டுமே நீரில் அதிகமாக இருக்கும். படிவு தொடங்கிய பிறகு 42 சரிந்தாலும், மற்றவர்களுக்கு வகுத்த எல்லைக்குள்ளேயே நிற்கக்கூடும். 42இன் அளவை மட்டும் பார்த்துவிட்டு "நன்றாக இருக்கிறது" என்று சொன்னால் ஏமாற்றமாகிவிடும்.

டாவ், என்எஃப்எல் என்றெல்லாம் வருகிறதே, அவை எப்போது மாறும்?

டாவ் என்பது நரம்புச் செல்லின் உள்சட்டத்தைத் தாங்கும் புரதம். அதில் அளவுக்கு மீறிப் பாஸ்பேட் ஒட்டும்போது அது கழன்று முடிச்சாகிறது. அமிலாய்ட் படிவுக்கு எதிர்வினையாக இந்தப் பாஸ்பேட் ஒட்டிய டாவ் நீரில் கூடுகிறது. என்எஃப்எல் என்பது நரம்பு இழையின் உட்புரதம்; இழை சேதமடையும்போது வெளியே கசிகிறது. எந்த நோயில் சேதமானாலும் கசியும். ஆகவே அது அல்சைமருக்கு மட்டுமான அடையாளம் அல்ல.

இவை மாறும் வரிசையை 2020இல் பார்சிலோனாவிலும் கேம்பிரிட்ஜிலும் டவுன் சிண்ட்ரோம் உள்ள 388 பேரிடம் நடந்த ஆய்வு தெளிவாகக் காட்டியது. முதலில் மாறியவை நீரின் அமிலாய்ட் விகிதமும் இரத்தத்தின் என்எஃப்எல் அளவும். அதுவும் 30 வயதுக்கு முன்பே. 30களில் ஸ்கேனில் அமிலாய்ட் தெரிகிறது. பாஸ்பேட் டாவ் அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் கூடுகிறது. 40களில் நினைவுக்கு உரிய ஹிப்போகேம்பஸ் சுருங்கத் தொடங்குகிறது. மறதி நோய் என்று முடிவானவர்களின் நடு வயது 53.7. முதல் மாற்றத்துக்கும் நோய் வெளிப்படுவதற்கும் இடையே இருபது ஆண்டுகளுக்கு மேல் இருக்கின்றன. மரபணு மாற்றத்தால் இளவயதில் அல்சைமர் வரும் குடும்பங்களில் பார்த்த வரிசையும் ஏறக்குறைய இதுவேதான்.

ஆயிரக்கணக்கான புரதங்களை ஒரே நேரத்தில் எப்படி அளக்கிறார்கள்?

புரதங்களை டிரிப்சின் என்ற நொதியால் சிறு துண்டுகளாக வெட்டி, நிறை நிறமாலைமானியில் செலுத்தி, துண்டின் நிறையை வைத்து அது எந்தப் புரதத்துடையது என்று கண்டுபிடிப்பது ஒரு முறை. ஒவ்வொரு புரதத்தையும் பிடிக்கும் எதிர்ப்பொருள்களைச் சேர்த்து எண்ணுவது இன்னொரு முறை. முதல் முறையில், தேடாததும் கண்ணில் படும். அதுதான் அதன் பலம்.

மூளையில் கண்டதும் நீரில் கண்டதும் ஒத்துப்போகிறதா?

சில ஒத்துப்போகின்றன, சில எதிரெதிராகப் போகின்றன. இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

ஸ்மாக்-1 என்ற புரதம் அமிலாய்ட் படிவைச் சுற்றிக் குவிகிறது. அல்சைமர் உள்ளவர்களின் மூளைத் திசுவிலும் அது அதிகம், நீரிலும் அதிகம். நரம்பு முனைகளில் இருந்து வரும் விஜிஎஃப், நியூரோனல் பென்ட்ராக்சின்-2 ஆகியவை இரண்டு இடத்திலும் குறைகின்றன. முனைகள் அழிவதன் அடையாளமாக அதை எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் நியூரோகிரானினைப் பாருங்கள். அதுவும் நரம்பு முனைப் புரதம்தான். மூளைத் திசுவில் குறைகிறது, நீரிலோ கூடுகிறது. சேதமடையும் முனையிலிருந்து அது வெளியேறி நீரில் சேர்கிறது என்பது ஒரு விளக்கம். அமிலாய்ட் 42 இதற்கு மறுதலை: மூளையில் கூடி நீரில் குறைவதை மேலே சொல்லிவிட்டேன்.

காலத்தையும் மறக்கக் கூடாது. மூளைத் திசு இறந்த பிறகு கிடைப்பது; பெரும்பாலும் நோய் முற்றிய கட்டம். நீரை உயிரோடு இருப்பவரிடம், நோய் தெரிவதற்கு முன்பும், சில ஆண்டுகள் கழித்து மறுபடியும் எடுக்கலாம். ஒன்று முடிவைக் காட்டுகிறது, மற்றது போக்கைக் காட்டுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான், நீரில் கூடும் ஒரு புரதம் மூளையின் எந்த மாற்றத்தைச் சொல்கிறது என்று துணிந்து பேச முடியும்.

அப்படியானால் டவுன் சிண்ட்ரோமில் வரும் அல்சைமரும், எங்கள் தாத்தாவுக்கு வந்த அல்சைமரும் ஒன்றுதானா?

நோயின் நடுப்பகுதி ஒன்றுதான். மூளைத் திசுவிலிருந்து அமிலாய்ட் படிவுகளை மட்டும் லேசரால் வெட்டியெடுத்து, அதிலுள்ள புரதங்களை டவுன் சிண்ட்ரோம், இளவயது அல்சைமர், முதுமை அல்சைமர் என்ற மூன்று தரப்பிலும் ஒப்பிட்டிருக்கிறார்கள். ஸ்மாக்-1, மிட்கைன், அப்போலிப்போபுரதம் ஈ போன்றவை மூன்றிலும் படிவோடு சேர்ந்திருக்கின்றன. நீரிலும் விகிதம் சரிவதும் டாவ் கூடுவதும் ஒரே பாங்கில் நடக்கின்றன. அப்போலிப்போபுரதம் ஈ-யின் 4ஆம் வகை மரபணு இருந்தால் நோய் முன்கூட்டி வருவதும் இருவருக்கும் பொது.

வேறுபாடுகளும் உண்டு, அவற்றை ஒதுக்கிவிட முடியாது. டவுன் சிண்ட்ரோமில் மூளையின் இரத்தக் குழாய்ச் சுவரிலும் அமிலாய்ட் அதிகமாகப் படிகிறது. 21ஆவது குரோமோசோமில் உள்ள மற்ற மரபணுக்களும் வேலை செய்கின்றன: டாவில் பாஸ்பேட் ஒட்டவைக்கும் டிர்க்1ஏ, ஆக்சிஜன் நச்சைக் கையாளும் சாட்-1, கொலாஜன் 6, கொலாஜன் 18, இன்டர்ஃபெரான் ஏற்பிகள். அதனால் நோய் எதிர்ப்பு, செல்களைச் சூழ்ந்த வலைப்பின்னல் ஆகியவற்றைச் சார்ந்த புரதங்களில் தனிப்பட்ட மாற்றங்கள் தெரிகின்றன. உங்கள் தாத்தாவின் மூளையில் அல்சைமரோடு சேர்ந்து வயதின் வேறு கோளாறுகளும் இருந்திருக்கலாம். 50 வயதுக்காரரிடம் அவை குறைவு. ஒரு வகையில் அல்சைமரை அல்சைமராகவே பார்ப்பதற்கு டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் மூளையே தெளிவான இடம். அல்சைமர் ஆய்வு அவர்களுக்கு மிகவும் கடன்பட்டிருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

என் மகனுக்குப் பல புரதங்கள் "இயல்பு அளவில் இல்லை" என்று வந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா?

யாருடைய இயல்போடு ஒப்பிட்டார்கள் என்று முதலில் கேளுங்கள். மூன்று பிரதி இருந்தால் சாட்-1 போன்றவை பிறவியிலிருந்தே ஏறத்தாழ ஒன்றரை மடங்கு இருக்கும். அது நோய் அல்ல. 21ஆவது குரோமோசோமின் எல்லாப் புரதங்களும் அப்படி ஒன்றரை மடங்கு ஏறுவதும் இல்லை. உபரியைச் செல் அழித்துச் சமன் செய்வதும் உண்டு. மூளை சற்றுச் சிறிதாகவே வளர்ந்திருப்பதால் சில நரம்புப் புரதங்கள் தொடக்கத்திலேயே குறைவாக இருக்கலாம்.

நல்ல ஆய்வில் குறைந்தது நான்கு தரப்பினர் இருப்பார்கள்: டவுன் சிண்ட்ரோம் இருந்து மறதி இல்லாதவர், இருந்து மறதி வந்தவர், டவுன் சிண்ட்ரோம் இல்லாத அல்சைமர் நோயாளி, இரண்டுமே இல்லாதவர். முதல் இருவருக்கும் இடையே மாறுவதுதான் உங்கள் மகனுக்குப் பொருந்தும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவரையும் இல்லாதவரையும் மட்டும் ஒப்பிட்டால் பிறவி வேறுபாடும் நோயும் கலந்துவிடும். வயதும் அப்படித்தான். 52 வயதுக்காரரை 76 வயதுக்காரரோடு ஒப்பிட்டால் எது நோய், எது வயது என்று பிரிக்க வேண்டியிருக்கும். அமிலாய்டிலேயே இந்தச் சிக்கல் எப்படி வருகிறது என்பதை 42, 40 பற்றிய பதிலில் பார்த்தோம்.

அவனுக்கு 38 வயது. கொஞ்ச நாளாக மந்தமாக இருக்கிறான். இதுதான் தொடக்கமா?

அப்படி முடிவு கட்டாதீர்கள். தைராய்டு குறைவு, காது மந்தம், கண்புரை, தூக்கத்தில் மூச்சுத் தடை, பி12 குறைவு, மனச்சோர்வு, கழுத்தெலும்புத் தளர்ச்சி ஆகிய எல்லாமே டவுன் சிண்ட்ரோமில் வரக்கூடியவை. எல்லாமே மறதி போலவே தோன்றும், பெரும்பாலானவை சரிசெய்யக் கூடியவை. "இவர்களுக்கு இப்படித்தான்" என்று ஒரு மருத்துவர் திருப்பி அனுப்பினால் இன்னொருவரிடம் போங்கள். அந்த ஒரு வாக்கியத்தால் எத்தனையோ பேர் தைராய்டு மாத்திரை கூடக் கிடைக்காமல் இருந்திருக்கிறார்கள்.

டவுன் சிண்ட்ரோமில் அல்சைமர் தொடங்கும்போது முதலில் தெரிவது மறதியாக இல்லாமலும் இருக்கலாம். குணம் மாறும், ஆர்வம் குறையும், பல படிகள் உள்ள வேலை தடுமாறும். என் தம்பி எங்கள் மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுவான். தாளைச் சுருட்டி அடியை மடித்து, பருப்பைக் கொட்டி, வாயை மூடி, மேலே தொங்கும் உருளையிலிருந்து நூலை இழுத்து, குறுக்கும் நெடுக்கும் சுற்றி, விரலில் ஒரு சுண்டு சுண்டி அறுப்பான். 44 வயதில் ஒரு மாற்றம் தெரிந்தது. நூலை இழுத்துக் கையில் வைத்துக்கொண்டு பொட்டலத்தைப் பார்த்தபடி நின்றான். தைராய்டு அளவைப் பார்த்தோம். மிகக் குறைவாக இருந்தது. மாத்திரை தொடங்கிச் சில மாதங்களில் கை மறுபடி ஓடியது. இப்போது அவனை ஆண்டுக்கு ஒருமுறை அதே வேலையைச் செய்யச் சொல்லிக் கைபேசியில் படம் எடுத்து வைக்கிறோம். அவனை அவனோடுதான் ஒப்பிட வேண்டும். உங்கள் பிள்ளை 30 வயதில் செய்வதை இப்போதே பதிவு செய்துவிடுங்கள். எந்தப் புரத அறிக்கையையும் படிக்க அதுதான் துணை. 40 வயதுக்கு மேல் முதல்முறையாக வலிப்போ கை கால் திடீரென்று துள்ளுவதோ வந்தால் தாமதிக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடலூரிலோ பாண்டிச்சேரியிலோ இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ள முடியுமா?

முதுகுத் தண்டு நீர் எடுப்பது பெரிய மருத்துவமனைகளில் அன்றாடம் நடக்கும் வேலை. மூளைக் காய்ச்சலுக்குச் செய்வதுதான். கோரிமேட்டில் ஜிப்மரில் நரம்பியல் பிரிவு இருக்கிறது. வெளிநோயாளியாகப் பதிந்து காட்டலாம். அமிலாய்ட், டாவ் அளவுகளுக்கு மாதிரியைச் சிறப்பு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும். ஆயிரக்கணக்கான புரதங்களைப் பார்ப்பது ஆய்வுக்கான வேலை; நோய் கண்டறிய யாரும் அதை எழுதித் தருவதில்லை.

மறதி எதுவும் இல்லாத பிள்ளைக்கு "பார்த்து வைப்போமே" என்று நீர் எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. 35 வயதில் விகிதம் சரிந்திருக்கும் என்பது முன்பே தெரிந்ததுதான்; அதைத் தெரிந்து வீட்டில் செய்யப்போவது ஒன்றும் மாறாது. பாஸ்பேட் ஒட்டிய டாவின் ஒரு வகையான பி-டாவ் 217ஐ இரத்தத்திலேயே அளக்கும் முறை இப்போது வளர்ந்துவருகிறது. 2025 மே மாதத்தில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், இந்தப் புரதத்தை அமிலாய்ட் 42ஓடு சேர்த்து அளக்கும் இரத்தப் பரிசோதனை ஒன்றுக்கு அனுமதி தந்தது. டவுன் சிண்ட்ரோமிலும் இந்தப் புரதம் படிவுகளை நன்றாகவே காட்டுகிறது. முதுகு ஊசிக்கு உட்கார முடியாத பிள்ளைகளுக்கு இது பெரிய ஆறுதல்.

புதிதாக வந்திருக்கும் அமிலாய்ட் மருந்தை அவனுக்குக் கொடுக்கலாமா?

லெகானமாப், டொனானமாப் இரண்டும் அமிலாய்டை அகற்றும் எதிர்ப்பொருள் மருந்துகள். முதியவர்களிடம் நோய் மோசமாகும் வேகத்தை ஓரளவு குறைத்தன, இழந்ததை மீட்கவில்லை. மூளை வீக்கமும் நுண்ணிய இரத்தக் கசிவும் இவற்றின் முக்கியமான பக்க விளைவு. இரத்தக் குழாய்ச் சுவரில் அமிலாய்ட் இருந்தால் அந்த ஆபத்து கூடும். டவுன் சிண்ட்ரோமில் குழாய்ப் படிவு அதிகம் என்று முன்பே சொன்னேன். இந்த மருந்துகளின் பெரிய சோதனைகளில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களைச் சேர்க்கவே இல்லை. டொனானமாபின் பெரிய சோதனை 60 முதல் 85 வயது வரையிலானவர்களுக்கு. அந்த வயதுக்கு முன்பே நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு நோய் வந்துவிடுகிறது. எனவே அவர்களுக்கென்றே நடக்கும் சோதனையின் முடிவு வரும் வரை, வெளியே எங்காவது வாங்கிப் போட்டுப் பார்ப்பது வேண்டாம்.

பழைய மருந்திலும் ஒரு பாடம் இருக்கிறது. மெமன்டைன் மற்ற அல்சைமர் நோயாளிகளுக்குத் தரப்படுவது. 2012இல் வெளியான சோதனையில் 40 வயதைக் கடந்த டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு அதனால் பலன் தெரியவில்லை. புரதப் பாங்கு ஒத்திருப்பதால் மருந்தும் ஒத்துப்போகும் என்று அனுமானிக்கக் கூடாது. அவர்களிடமே சோதித்துப் பார்க்க வேண்டும். அப்படிச் சோதிக்கும்படி கேட்பது அவர்களின் உரிமை.

ஆய்வுக்கு நீர் கேட்டால் யார் சம்மதம் தருவது? அவனுக்குப் புரியாதே.

புரியும் அளவுக்கு அவனுக்குச் சொல்லியாக வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள், சட்டப்படியான பிரதிநிதியின் கையெழுத்தோடு அந்த நபரின் இசைவையும் கேட்கின்றன. ஊசியைப் பார்த்து அவன் தலையை ஆட்டி மறுத்தால் அதுவும் பதில்தான். 18 வயதுக்கு மேல் பெற்றோர் தாமாகவே சட்டப் பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துப் பாதுகாவலர் ஆணை பெற வேண்டும். வங்கி, சொத்து, அறுவை சிகிச்சை எல்லாவற்றுக்கும் இது உதவும் என்பதால் ஆய்வுக்காகக் காத்திராமல் இப்போதே வாங்கிவிடுங்கள்.

நம் காலத்துக்குப் பிறகு, அவன் காலத்துக்கும் பிறகு, மூளையை ஆய்வுக்குக் கொடுக்க முடியுமா?

இதைக் கேட்ட அம்மா, குரல் தாழ்த்தாமல் நேராகக் கேட்டார். அதே நேர்மையோடு பதில் சொல்கிறேன். பெங்களூரு நிம்ஹான்ஸில் 1995 முதல் மனித மூளைத் திசு வங்கி இயங்குகிறது. மேலே சொன்ன மூளைப் புரத ஒப்பீடுகளில் பெரும்பகுதி ஐரோப்பா, அமெரிக்க மூளை வங்கிகளில் இருந்து வந்தவை. நம் நாட்டு டவுன் சிண்ட்ரோம் மூளைகள் அவற்றில் அரிது.

ஆனால் நேரம் குறுக்கே நிற்கிறது. இறந்த சில மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் புரதங்கள் சிதையாமல் இருக்கும். குறிப்பாக டாவின் பாஸ்பேட் சீக்கிரம் கழன்றுவிடும். கடலூரிலிருந்து பெங்களூருக்குச் சாலையிலேயே ஆறு மணி நேரம் போல ஆகிவிடும். ஆகவே முன்கூட்டியே வங்கியோடு பேசி, அருகில் எந்த மருத்துவமனையில் எடுத்துக் குளிரூட்டி அனுப்ப முடியும் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். உடன்பிறந்தவர்கள் எல்லோரும் சம்மதித்திருப்பதும் அவசியம்; துக்க வீட்டில் ஒருவர் மறுத்தால் அதோடு நின்றுவிடும். உயிரோடு இருக்கும்போது நீரும், பிறகு மூளையும் ஒரே நபரிடமிருந்து கிடைப்பது மிகவும் அரிது என்பதால், பழைய மருத்துவ அறிக்கைகளையும் வீட்டில் எடுத்த படங்களையும் அந்தக் கோப்பிலேயே சேர்த்து வையுங்கள்.